டீசலுக்கு மூன்று மருந்து

சபாக்,
5 பிப்ரவரி 2025

அன்பு மாப்பிள்ளை முருகையாவுக்கு,

இங்கே நானும் தனேஸ்வரியும் சுகம். அவளுக்கு முட்டி, எனக்குக் காது. மற்ற உறுப்புகள் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன. புக்கிட் ரோத்தானில் நீயும் அன்பரசியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

எழுது என்றுதான் சொல்கிறேன். போனில் கூப்பிடாதே. போன வாரம் நீ கத்தியது என் மனைவிக்குக் கேட்டது, பக்கத்து வீட்டுச் சீனருக்குக் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. நாற்பது வருடம் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இந்த மட்டும் காது மிஞ்சியதே பெரிது. போனில் வரும் பொடி எழுத்தும் எனக்கு ஒத்து வராது. தாளில் எழுதி தபாலில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறை ஜெட்டியில் பன்னிரண்டு படகுகள் என்னிடம் எஞ்சின் வேலைக்கு வருகின்றன. டீசலில் செம்பனை எண்ணெய் கலந்து வரத் தொடங்கியதிலிருந்து டேங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்து, பாசி போல ஒரு வழுவழுப்பு பிடித்து, பில்டரை அடைக்கிறது. நீ லோரியில் ஏற்றும் பழத்தின் எண்ணெய்தான் அது. ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது. இப்போது வாரத்துக்கு ஒரு விற்பனையாள் ஜெட்டிக்கு வருகிறான். இந்த மருந்தை ஊற்றினால் டீசல் மிச்சம், புகை போகும், பாசி சாகும் என்கிறான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்கிறான், கேட்பவனுக்கு மதி வேண்டாமா? ஆனால் படகுக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். ஜூலையில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே மருந்தைப் பீப்பாயாக வாங்கப் போகிறார்கள். நான் எதைச் சொல்கிறேனோ அதைத்தான் ஊற்றுவார்கள். சாலையில் எஞ்சின் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் யார் தள்ளுவது?

படகில் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு நாள் காற்று, ஒரு நாள் நீரோட்டம். உன் லோரிதான் தோதானது. தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு, தினமும் அதே வழி. மூன்று போத்தல் வைத்திருக்கிறேன். சிவப்பு மூடி எஞ்சினுக்குள் கரியைக் கழுவுமாம். நீல மூடி தண்ணீரை முறிக்குமாம். பச்சை மூடி பாசியைக் கொல்லுமாம். மீன் வேன் ஓட்டும் உமாபதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் மாதம் எதுவும் ஊற்றாதே. பிறகு மாதத்துக்கு ஒன்று. மாதா மாதம் பில்டரை மாற்று, பழையதை வெட்டிப் பார். ஒரே எண்ணெய் நிலையத்தில் நிரப்பு. ஒரே பாதை, ஒரே பாரம், ஓட்டுபவன் ஒரே ஆள். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு குப்பைக்குப் போகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நாம் டேங்கியில் போடுகிறோம்.

அன்பரசி அலுவலகம் ஒழுங்காகப் போகிறாளா? போய்ச் சேர்ந்த என் தங்கையின் மகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று இங்கே பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்,
நாராயணசாமி


புக்கிட் ரோத்தான்,
12 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அக்காவின் முட்டிக்கு வேப்பெண்ணெய் சூடு காட்டித் தேய்க்கச் சொல்லுங்கள்.

போத்தல்கள் வந்து சேர்ந்தன. உமாபதி மீன் ஐஸோடு சேர்த்து வைத்திருந்ததால் மூன்றும் நெத்திலி வாசம். சோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று எழுதுங்கள்.

நாளையிலிருந்து தொடங்குகிறேன். போக வர நாற்பத்தாறு கிலோமீட்டர். ஒரு நடைக்கு ஐந்து டன் பழம், கூடக் குறைய ஒரு குலை. ஓட்டுவது நான்தான், முப்பத்தைந்து வருடமாக நான்தான். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி என் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன முருகையாண்ணே, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா லா?" என்று கேட்டார். மச்சான் வைக்கும் பரீட்சை என்றேன்.

அன்பரசி வேலைக்குப் போகிறாள். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன்.

முருகையா


புக்கிட் ரோத்தான்,
15 மார்ச் 2025

மச்சானுக்கு,

இங்கே சுகம். அங்கே அக்காவும் நீங்களும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

மருந்தில்லாத மாதம் முடிந்தது. 1,190 கிலோமீட்டர். 280 லிட்டர். லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர். மேட்டில் ஏறும்போது கரும்புகை. பில்டரை வெட்டினேன். உள்ளே அரைத்த மிளகு போல ஒரு குழம்பு, விரலால் தொட்டால் வழுக்குகிறது. நேற்று முதல் சிவப்பு மூடி.

வெயில் கடுமை. திருவிழா வருகிறது. விரதத்துக்கு இப்போதே மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

முருகையா


சபாக்,
22 மார்ச் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், சந்தோஷத்தினால் அல்ல.

நாலேகாலா? அந்தப் பாதையில் அந்த லோரி ஐந்தாவது தர வேண்டும். நானே அதில் உன்னோடு வந்திருக்கிறேன், பாதி வழி சமதரை. உன் கால் என்ன கருங்கல்லா? மாப்பிள்ளை, பெடலை மிதிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. டீசல் லோரி என்ன வெற்றிலையா, இடித்துத் தின்ன? முன்பு உனக்கு இப்படி வராதே. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அதுதான் காரணம்.

நேற்று ஒரு விற்பனையாள் வந்தான். நீல மூடிக்காரன். ஒரு கண்ணாடிக் குவளையில் டீசலும் தண்ணீரும் ஊற்றி, மருந்தைச் சொட்டவிட்டான். தண்ணீர் மறைந்தே போயிற்று. படகுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பக்கத்துப் படகு ஹசான் என் தோளைத் தட்டி, அண்ணன் முறை வைத்து எழுதிக் காட்டினான்: 'இதுவா, பாங்?' பொறு, என் மாப்பிள்ளை லோரியில் ஓட்டிப் பார்க்கிறார் என்று எழுதிக் காட்டினேன். உன் பெயர் இங்கே இப்போது பெரிய பெயர்.

அன்பரசியை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

நாராயணசாமி


புக்கிட் ரோத்தான்,
28 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். திருவிழா, சித்திரை வருடப் பிறப்பு என்று நாள் ஓடிவிட்டது. சுகம்தான்.

சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. சிவப்பு மூடி முடிந்தது. 1,155 கிலோமீட்டர், 275 லிட்டர். லிட்டருக்கு 4.2. புகையும் அப்படியே, பாசியும் அப்படியே. அந்தப் போத்தலால் யாருக்காவது பயன் உண்டென்றால் அதைச் செய்து விற்றவனுக்குத்தான். ஏப்ரல் 16 முதல் நீல மூடி.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை தீமிதி. இருபத்திரண்டாவது வருடம். இந்த முறை ஒரு அதிசயம், மச்சான். குழியில் இறங்கி ஏறும் வரை சூடே தெரியவில்லை. குளிர்ந்த மணலில் நடந்தது போல இருந்தது. கோயில் தலைவர் சிவானந்தம் எல்லாருக்கும் முன்னால், "முருகையா விரதம்தான் விரதம்" என்றார். ஆத்தா என் மேல் வைத்த கருணை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

லோரியின் முன் பம்பரை மாற்றினேன். துருப்பிடித்திருந்தது.

முருகையா


புக்கிட் ரோத்தான்,
20 மே 2025

மச்சானுக்கு,

சுகம். அக்காவுக்கு என் வணக்கம்.

நீல மூடி: 1,224 கிலோமீட்டர், 240 லிட்டர். லிட்டருக்கு 5.1. புகை இல்லை.

முருகையா


சபாக்,
29 மே 2025

அருமை மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்த அன்று தனேஸ்வரி பாயசம் வைத்தாள். கடிதத்துக்காக இல்லை, வெள்ளிக்கிழமைக்காக. ஆனால் நான் கடிதத்துக்காகவே குடித்தேன்.

ஐந்து புள்ளி ஒன்று! நாலேகாலிலிருந்து! இத்தனை வருடத்தில் ஒரு மருந்து இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகமும் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. பிப்ரவரியில் எழுதியதையே மறுபடி கேட்கிறேன். பாதை அதேதானா? பாரம் அதேதானா? ஓட்டியது நீ மட்டும்தானா? மூன்றுக்கும் எனக்கு ஒரு வரி எழுது, போதும். அதை வைத்து நான் பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கப் போகிறேன். அவர்கள் அதை நம்பி, கரை தெரியாத தூரத்துக்குப் போகப் போகிறார்கள். எனக்கு உன் எழுத்து வேண்டும்.

ஹசானுக்குப் பொறுமை இல்லை. தன் படகில் நீலத்தை இப்போதே ஊற்றுகிறேன் என்று நிற்கிறான். கழிமுகத்தைத் தாண்டாமல் ஓட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

அன்பரசியிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை. கோபமா?

நாராயணசாமி


புக்கிட் ரோத்தான்,
9 ஜூன் 2025

மச்சானுக்கு,

சுகம். பாதை அதே. பாரம் அதே, எடைச் சீட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இங்கே நல்ல மழை. பச்சை மூடி தொடங்கிவிட்டது.

முருகையா


சபாக்,
16 ஜூன் 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

சுகம். மூன்று கேட்டேன், இரண்டுக்குப் பதில் எழுதியிருக்கிறாய். மறதி. வயதாகிறது உனக்கு. பரவாயில்லை, உன் லோரியை உன்னைத் தவிர வேறு யார் ஓட்டப் போகிறார்கள்? பெற்ற பிள்ளையைக்கூட அந்த இருக்கையில் உட்கார விடமாட்டாயே.

நேற்று பன்னிரண்டு பேரையும் ஜெட்டியில் கூட்டினேன். நீலம் என்று சொல்லிவிட்டேன். ஜூலை முதல் தேதி பீப்பாய் வருகிறது. இனி பச்சையை நீ சோதிக்காவிட்டாலும் குறை இல்லை.

நாராயணசாமி


புக்கிட் ரோத்தான்,
21 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு அன்பரசி வணக்கத்துடன் எழுதுவது,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோபம் இல்லை மாமா, பயம். அத்தைக்கு போன் பண்ணியிருக்கலாம். அத்தையிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சபாக் முழுக்கத் தெரிந்துவிடும், உங்களுக்குத் தவிர. அதனால் எழுதி உமாபதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் 16ஆம் தேதிக் கடிதத்தை அப்பா படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் எடுத்துப் படித்தேன். பீப்பாய் வாங்காதீர்கள் மாமா. தயவுசெய்து நிறுத்துங்கள். நீல மூடி எதையும் செய்யவில்லை. ஏப்ரல் 16ஆம் தேதியிலிருந்து லோரியை ஓட்டுவது அப்பா இல்லை, நான்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அன்று காலை அப்பா ஆலை எடைமேடையில் ஏற்றும்போது லோரி நிற்கவில்லை. நேராகப் போய் இரும்புத் தூணில் இடித்தது. சீட்டு எழுதுகிறவர் ஓரமாகக் குதித்ததால் தப்பித்தார். என்னைக் கூப்பிட்டார்கள், நான் ஆபீசிலிருந்து போனேன். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "பிரேக்க மிதிச்சேன்னுதாம்மா நெனச்சேன்," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வலது பாதம் அவருக்கு மரத்துப் போயிருக்கிறது மாமா. இனிப்புநீர் வியாதி, சர்க்கரை கூடி நரம்பு செத்துவிட்டதாம். எவ்வளவு நாளாக என்று கேட்டால், தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்கிறார். பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. உங்கள் நாலேகால் அதுதான். 5.1 என்னுடைய கால்.

லோரி லைசென்ஸ் நான் போன வருடமே எடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னார். முதலில் இரண்டு வாரம் லீவு போட்டு ஓட்டினேன். மே மாதம் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் வரை வந்து எனக்காகக் கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை. அதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் மாமா, எனக்கு ஆபீஸ் பிடித்ததே இல்லை. லோரி பிடித்திருக்கிறது. இதற்காக நீங்கள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் மாதக் கடிதத்தில் பச்சை மூடி தொடங்கிவிட்டது என்று அப்பா எழுதினார். ஊற்றச் சொன்னார், நான் ஊற்றவில்லை. மருந்தா, ஆளா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. மே 16இலிருந்து ஜூன் 15 வரை எதுவுமே ஊற்றாமல் ஓட்டினேன். 1,210 கிலோமீட்டர், 237 லிட்டர். அதே 5.1தான். புகை இல்லை. பில்டரில் பாசி அப்படியே இருக்கிறது.

இன்னொன்றுதான் முக்கியம். தீமிதியில் அப்பாவுக்குச் சூடு தெரியவில்லை என்று எழுதினாராமே. கால் வெந்துதான் போயிருக்கிறது மாமா. அவருக்குத்தான் தெரியவில்லை. உள்ளங்காலில் ஐம்பது காசு அளவுக்குப் புண், இப்போது விரலிடுக்கு வரை கறுத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டிருக்கிறார். நான் வாசம் வந்துதான் கண்டுபிடித்தேன். கிளினிக் டாக்டர் உடனே ஆஸ்பத்திரி என்று கடிதம் கொடுத்தார். அப்பா அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். "தீ மிதிச்ச கால்ல புண்ணுன்னா விரதத்துல கொறன்னு சொல்லுவாங்க லா. இருவத்திரெண்டு வருஷம்மா. நான் எப்படி அந்தக் கோயில் வாசல்ல நிக்கிறது?" என்று அழுகிறார்.

நான் சொன்னால் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அன்பரசி


சபாக்,
24 ஜூன் 2025

அன்பரசிக்கு மாமா எழுதுவது,

இதை உமாபதி கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. அந்த டாக்டர் கடிதம், அடையாள அட்டை, இரண்டு கைலி, துண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. அவர் வரமாட்டேன் என்றால் உன் லோரியில் பழக்குலை மாதிரி ஏற்றிக்கொண்டு போவோம்.

பீப்பாயை நிறுத்திவிட்டேன். நேற்று மறுபடி பன்னிரண்டு பேரையும் கூட்டி, நான் சொன்னது தப்பு, நீலம் வேண்டாம் என்றேன். நிறையப் பேசினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை, ஆனால் முகங்களைப் பார்த்தேன். அது போதுமான தண்டனை. முந்தா நாள் ஹசான் படகு கழிமுகத்திலேயே இருமி நின்றுவிட்டது. வேறு படகு கட்டி இழுத்து வந்தார்கள். திறந்து பார்த்தேன். அந்த மருந்து தண்ணீரை அழிக்கவில்லை அம்மா. டீசலோடு கலந்து, தண்ணீர் பிரிக்கும் குடுவையை ஏமாற்றி எஞ்சின் வரைக்கும் கூட்டிப் போகிறது. லோரி டேங்கியில் சொட்டுத் தண்ணீர், அதனால் உனக்குத் தெரியவில்லை. படகில் குடம் குடமாக இருக்கும். பன்னிரண்டு படகும் அதை ஊற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போயிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

உன் அப்பன் மேல் எனக்குக் கோபம் கொதிக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், அந்தச் சோற்றை நான் ஊருக்குப் பரிமாறினேன். அதைவிட என் மேல் கோபம். தீயில் சூடு தெரியவில்லை என்று அவன் எழுதியதை நான் படித்தேன். நாலேகாலைப் படித்தேன். கால் என்ன கருங்கல்லா என்று நானே எழுதினேன். எஞ்சின் இருமினால் எந்த வால்வு என்று சொல்கிறவன், மாப்பிள்ளை காலைக் கேலி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆத்தாவுக்கு இவனுடைய விரதம் தெரியும். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வேலையை விட்டதற்கு உன் மேலும் கோபம் இருக்கிறது. அது பெரிய கோபம், நேரில் வைத்துக்கொள்வோம். ஆனால் மருந்தை ஊற்றாமல் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தாயே, அது எனக்கே தோன்றாத புத்தி. பச்சைப் போத்தலை இப்போது ஊற்று. பாசி சாகிறதா என்று மட்டும் பார். தினமும் காலையில் டேங்கி அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடி. பாதி மருந்து அதுதான், காசு கொடுக்காமல் கிடைக்கிற மருந்து.

மாமா


ஆஸ்பத்திரி, மூன்றாம் வார்டு,
14 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

நான் உயிரோடு சுகம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது அக்கா போனில் சொன்னார்கள். அவர்கள் முட்டிக்கு இங்கே ஒரு டாக்டரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை என் வலது காலை எடுத்துவிட்டார்கள். முதலில் இரண்டு விரல் என்றார்கள். பிறகு பாதிப் பாதம். கடைசியில் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண். சின்னப் பெண் டாக்டர், நம் அன்பரசி வயதுதான் இருக்கும். "எப்பலேர்ந்து அங்கிள்?" என்று கேட்டார். ஏப்ரல் என்றேன். ஏப்ரலில் வந்திருந்தால் மருந்து கட்டியே அனுப்பியிருப்பேன் என்றார்.

ஜூன் 9ஆம் தேதிக் கடிதத்தை நான் இரண்டு தடவை எழுதினேன், மச்சான். முதல் தடவை மூன்றுக்கும் பதில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு இன்னொரு தாள் எடுத்தேன். உங்கள் படகுக்காரர்கள் பன்னிரண்டு பேர் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஹசானிடமும் கேட்டதாகச் சொல்லுங்கள். கருங்கல் என்று எழுதியதை நினைத்து நீங்கள் வார்டு வாசலில் கண் துடைத்துக்கொண்டதை அன்பரசி பார்த்திருக்கிறாள். அதை விடுங்கள். எனக்கே தெரியாத காலை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

சிவானந்தம் வந்து பார்த்தார். பழம் வாங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்: "நான் விரதத்துல ஒரு கொறையும் வெக்கல. கால்தான் செத்துப் போயிருந்துச்சு." அவர் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, அடுத்த வருடம் தீயில் இறங்குகிறவர்கள் காலை எல்லாம் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லப் போகிறேன் என்றார்.

பச்சை மூடியில் பாசி குறைந்திருக்கிறதாம். அன்பரசி தனியாக எழுதுவாள். நான் இனி அந்தக் கணக்கில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். என்னைச் சேர்த்த அன்று நீங்கள் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அப்போது நிரப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். என் பெயர், வயது, வாரிசு யார் என்று கேட்டு, அதன் கீழே வாரிசின் தொழில் என்று ஒரு கட்டம். அன்பரசி அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், திரும்பி வந்து அதை எழுத்தில் பார்ப்பீர்களே என்று எனக்குப் பயம். "ஆபீஸ்னு போட்டுரும்மா," என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. 'பெமாண்டு லோரி' என்று எழுதினாள். லோரி ஓட்டுநர். பெரிய எழுத்தில், கட்டம் நிறைய. எழுதிக் கொடுத்துவிட்டு, என் சாக்ஸைக் கழற்றக் கீழே உட்கார்ந்தாள்.

முப்பத்தைந்து வருடமாக எத்தனையோ பாரத்தில் அதே கட்டத்தில் அதே இரண்டு சொல்லை நான் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவன் படிக்கக் கூடாதென்று சின்னதாகத்தான் எழுதுவேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். காலை எடுத்த அன்றுகூட வரவில்லை.

முருகையா